சத்தம் போடாத வான்கோழிச் சேவல்கள்: மிசூரி வசந்த வேட்டை சீசன்

கேள்வி, ஏப்ரல் 22

அண்ணா, ராலாவுக்குத் தெற்கே மார்க் ட்வெய்ன் தேசியக் காட்டில் நேற்றும் இன்றும் போய் உட்கார்ந்தேன். ஒரு காபிள், அதாவது சேவலின் கத்தல், கூட இல்லை. மார்ச் கடைசியில் இதே முகட்டில் நின்று கேட்டபோது நாலு பக்கமும் சேவல்கள் கத்திக்கொண்டிருந்தன. யாரோ வந்து எல்லாவற்றையும் சுட்டுக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பறவையே இல்லாத இடத்தில் உட்கார்ந்து என்ன பயன்? வேறு கவுன்டிக்கு மாறிவிடலாமா?

ஏப்ரல் 22, இரவு

மாறாதீர்கள் தம்பி. மார்ச்சில் கத்தின சேவல்கள் அங்கேயேதான் இருக்கும், வாயைத்தான் மூடிக்கொண்டன. குளிர்காலம் முழுக்கக் கூட்டமாகத் திரிந்தவை மார்ச் கடைசியில் பிரியும், யார் பெரியவன் என்கிற பஞ்சாயத்து அப்போது முடிந்திருக்காது, அதனால்தான் அந்த ஆர்ப்பாட்டம். சீசன் திறக்கிற ஏப்ரல் மூன்றாவது திங்களுக்குள் பெட்டைகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. பெட்டை பக்கத்திலேயே நிற்கும்போது எதற்குத் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும்? விடியும் நேரம் மரத்தில் இருந்தபடியே ஒன்றோ இரண்டோ தடவை கத்தும், பெட்டைகள் கீழே குதித்ததும் தானும் குதித்து அவற்றின் பின்னாலேயே நடந்துவிடும். அன்றைக்குக் கொஞ்சம் காற்று அடித்தால் அந்த ஒன்றிரண்டும் உங்களுக்குக் கேட்காது.

எத்தனை மணி வரை உட்கார்ந்தீர்கள் என்று எழுதவில்லையே?

ஏப்ரல் 23, காலை

எட்டரைக்குக் கிளம்பிவிட்டாராம். சரி.

மிசூரியில் பொது நிலத்தில் மதியம் 1 மணி வரை வேட்டையாடலாம், தனியார் நிலத்தில் இப்போது சூரியன் மறையும் வரை. எட்டரைக்குக் கிளம்புகிறவர் பாதிக்கு மேல் நேரத்தைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார், அதுவும் நல்ல பாதியை. இந்தச் சமயத்தில் பெட்டை கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு முட்டை வீதம் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். அதற்காகக் காலையிலேயே சேவலிடமிருந்து நைசாகக் கழன்று கூட்டுக்குப் போய்விடும். ஒன்பது, பத்து மணிக்குச் சேவல் தனியாக நின்று முழிக்கும். அந்த நேரத்தில் அதன் காதில் விழுகிற ஒரு யெல்ப்புக்கு, அதாவது பெட்டை கூப்பிடுகிற மாதிரியான சத்தத்துக்கு, இருக்கிற மதிப்பு, விடியற்காலையில் நீங்கள் போட்ட மொத்தக் கச்சேரிக்கும் கிடையாது.

எட்டரைக்கு டோனட் கடைக்குப் போகிறவர்களை மனதார வாழ்த்துகிறேன். எனக்குப் பாதையோரம் வண்டி நிறுத்த இடம் கிடைக்கிறது.

ஏப்ரல் 23, இரவு

"இருக்கிறது, இருக்கிறது என்கிறீர்கள், எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று ஸ்பிரிங்ஃபீல்டுக்காரர் கேட்கிறார். நியாயமான கேள்வி. காது பயன்படாத வருடத்தில் கண்ணைத் தரையில் வைக்க வேண்டும்.

ஓக் காட்டில் சருகு கிளறியிருக்கிறதா என்று பாருங்கள். வான்கோழி காலால் சருகைப் பின்பக்கம் வாரித் தள்ளும், எந்தப் பக்கம் மண் தெரிகிறதோ, எந்தப் பக்கம் சருகு குவிந்திருக்கிறதோ அதை வைத்து எந்தத் திசையில் மேய்ந்து போனது என்று சொல்லிவிடலாம். கிளறிய மண் இன்னும் ஈரமாக, கறுப்பாக இருந்தால் இன்றைய வேலை. எச்சத்தையும் பாருங்கள். சேவலுடையது நீளமாக, ஒரு முனை வளைந்து இருக்கும், பெட்டையுடையது சுருண்டு உருண்டையாக இருக்கும். மார்பு இறகு கிடைத்தால் இன்னும் சுலபம், நுனி கறுப்பாக இருந்தால் சேவல், வெளிர் பழுப்பாக இருந்தால் பெட்டை. மரம் வெட்டிய பழைய பாதைகளில் மணல் படிந்த இடம் இருக்கும். அங்கே காலடித் தடத்துக்கு இரண்டு பக்கமும் கோடு இழுத்த மாதிரி தெரிந்தால், சேவல் இறக்கையைத் தரையில் தேய்த்துக்கொண்டு தோகை விரித்து நடந்திருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு "பறவையே இல்லை" என்று யாரும் எழுத மாட்டார்கள்.

தோகை என்றதும் மயிலைப் பார்த்து ஆடின வான்கோழி என்று யாரும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம். அந்த ஜோக் போன வருடமே தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 24, மதியம்

மழை. வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மழையிலும் காற்றிலும் அவை சத்தம் போடாததற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. காடு முழுக்க இலை சொட்டிக்கொண்டும் கிளை ஆடிக்கொண்டும் இருக்கும்போது நரியோ பாப்கேட்டோ நெருங்கி வருவது அவற்றுக்குக் கேட்காது, தெரியாது. அதனால் மழை விட்டதும் திறந்த வெளிக்கு வரும். புல்வெளி, பழைய வயல், மின்கம்பிப் பாதைக்காக மரம் வெட்டிய வெளி. தேசியக் காட்டில் வயல் எங்கே என்று கேட்காதீர்கள், மான், வான்கோழிக்காகவே ஆங்காங்கே சின்னச் சின்னப் புல்வெளி வைத்திருக்கிறார்கள், வரைபடத்தில் பாருங்கள். பலத்த காற்றென்றால் முகட்டை விட்டு இறங்கி, காற்று படாத பக்கத்து ஓடை இறக்கத்தில் உட்காருங்கள், பறவையும் அங்கேதான் நிற்கும்.

பெட்டை மாதிரிக் குரல் எழுப்புகிற மரப்பெட்டியை மழையில் நனைய விட்டால் அன்றைக்கு அது வெறும் மரப்பெட்டிதான், சாக்பீஸ் தேய்த்தாலும் பேசாது. வாயில் வைக்கிற டயஃப்ரம் மட்டும்தான் மழைக்குக் கவலைப்படாது. எனக்கு அதை வாயில் வைத்தாலே குமட்டும், அதனால் பிளாஸ்டிக் உறைக்குள் கையை விட்டுப் பெட்டியை இழுக்கிறேன். பார்க்கக் கேவலமாகத்தான் இருக்கும். இந்தப் பெட்டிக்கு 1897-இலேயே ஆர்கன்ஸாவின் டார்டனெல்லைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் காப்புரிமை வாங்கிவிட்டார். அதற்கப்புறம் எவ்வளவோ வந்தும் கத்துக்குட்டியும் முதல் நாளே பெட்டை மாதிரிப் பேச முடிவது இதில்தான்.

ஏப்ரல் 25, இரவு

இன்றைக்கு இரண்டு பேர், இரண்டு விதமாக, ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள். அது கத்தவில்லை என்றால் நான் இன்னும் அதிகமாகக் கூப்பிட வேண்டாமா? எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி, ஏனென்றால் எனக்கும் முதலில் அப்படித்தான் கை பரபரக்கும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓசார்க் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் தடவை அழைத்துப் போனபோது என் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "நீ கூப்பிட்டது அதுக்குக் கேட்டாச்சு. இனிமே அது நடந்து வரணும். நடக்கிறவனைச் சும்மா சும்மா கூப்பிட்டா அவன் அங்கேயே நின்னு யோசிப்பான்." அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் கிடந்த குச்சியால் சருகை இரண்டு தடவை கிளறுவார், ஒரு இடைவெளி, மறுபடி ஒரு தடவை. பெட்டை மேய்கிற தாளம். நடுவில் எப்போதாவது வாய்க்குள்ளேயே ஒரு க்ளக், ஒரு மெல்லிய பர்.

எதுவும் கத்தவில்லை. எனக்கு முதலில் தெரிந்தது காதில் இல்லை, நெஞ்சில்தான், தூரத்தில் லாரி ஒன்று மேட்டில் ஏற முக்குகிற மாதிரி ஒரு அதிர்வு. பெரியவர் முழங்கால் மேல் இருந்த விரலை மட்டும் இடது பக்கம் நகர்த்தினார். அதுதான் ட்ரம்மிங், சேவல் தோகையை விரிக்கும்போது உடம்புக்குள்ளிருந்து வருகிற சத்தம், துப்பினது போல ஒரு "ப்ஸ்ட்", பின்னால் "ஊம்ம்ம்". ரொம்பப் பக்கத்தில் வந்தால்தான் கேட்கும், கேட்டுவிட்டால் அசையவே கூடாது. மேஆப்பிள் செடிகளுக்கு மேலே வெள்ளை உச்சந்தலை தெரிந்தது, கீழே நீலம், அதற்கும் கீழே சிவப்பு. நின்றது. மூக்கின் மேல் தொங்குகிற அந்தச் சதை சுருங்கி ஒரு விரல் கணு அளவுக்கு வந்து, மறுபடி நீண்டு அலகைத் தாண்டித் தொங்கியது. அது ஒரு ஓக் மரத்துக்குப் பின்னால் தலை மறைந்த நொடியில்தான் துப்பாக்கியைத் திருப்ப முடிந்தது. குதிமுள் ஒரு அங்குலத்துக்கு மேலே. வயதான சேவல். கடைசி வரை ஒரு காபிள் கூட இல்லை.

அதனால் சொல்கிறேன். சத்தமில்லாத வருடத்தில் பறவை வராமல் இல்லை, சொல்லாமல் வருகிறது. அது வந்து நிற்கும்போது நீங்கள் எழுந்து போயிருக்கக் கூடாது, அவ்வளவுதான் இதில் வித்தை.

ஏப்ரல் 26, காலை

மேலே எழுதியதில் விட்டுப்போனது, எங்கே உட்காருவது என்பது. எவ்வளவு நேரம் என்பதைவிட இது முக்கியம் என்று கூடச் சொல்வேன்.

சேவல் பெட்டையைத் தேடித்தான் வருகிறது. சத்தம் வந்த இடத்தைத் தூரத்திலிருந்தே பார்க்க முடிந்து, அங்கே பெட்டை இல்லையென்றால் அது எண்பது கஜத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். ஆகவே முகட்டின் மேலேயே உட்காராதீர்கள், முகட்டிலிருந்து முப்பது கஜம் இந்தப் பக்கம் இறங்கி உட்காருங்கள். பாதை வளைகிற இடமும் அதே கணக்கு. அது எட்டிப் பார்க்கிற முதல் நொடியிலேயே உங்கள் எல்லைக்குள் இருக்க வேண்டும். வலது கைக்காரர் என்றால் பறவை வரும் என்று நினைக்கிற பக்கத்துக்கு இடது தோளைக் காட்டி உட்காருங்கள், முழங்காலை மடக்கி அதன் மேல் துப்பாக்கி. அப்போதுதான் அதிகம் அசையாமல் நிறைய தூரம் திருப்ப முடியும். கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிற பறவை அது, தலையைத் திருப்பாமலே பின்பக்கம் கொஞ்சம் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறது. மோப்பம் மட்டும் கிட்டத்தட்ட இல்லை. அதுவும் இருந்திருந்தால் நாம் எல்லாரும் கடையில்தான் வான்கோழி வாங்கியிருப்போம்.

ஏப்ரல் 26, இரவு

கென்டக்கி நண்பர் ஒரு கோட்பாட்டோடு வந்திருக்கிறார். கத்துகிற சேவல்களை எல்லாம் பல தலைமுறையாகச் சுட்டுவிட்டோம், மிஞ்சினது ஊமைச் சேவல்களின் வாரிசு, பரிணாமம் என்கிறார்.

கேட்க நன்றாக இருக்கிறது, நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். கத்துவதுதான் சேவலுக்குப் பிழைப்பு. கத்தாதவனைப் பெட்டை எப்படிக் கண்டுபிடிக்கும்? இதைவிட எளிய விளக்கம் இருக்கிறது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்து மைக்கேல் சேம்பர்லினும் அவருடன் வேலை செய்கிறவர்களும் காட்டில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துச் சீசன் முழுக்கக் கத்தலைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். வேட்டைக்காரர்கள் நுழைந்ததும் கத்தல் குறைகிறது. இதற்குப் பரிணாமம் தேவையில்லை, அதே பறவை அதே வருடத்தில் பாடம் படிக்கிறது. அதோடு, அதிகம் கத்துகிற இரண்டு வயதுச் சேவல்கள்தான் முதல் வாரத்திலேயே சுடப்படுகின்றன, அப்புறம் காட்டில் மிஞ்சுவது இயல்பிலேயே அலட்டிக்கொள்ளாத ஆட்கள். பொது நிலத்தில் திறப்பு நாளுக்கு இரண்டு நாள் கழித்து ஏன் அமைதி என்பதற்கு இது போதும்.

அப்புறம் கென்டக்கி நண்பரே, உங்கள் ஊர் வான்கோழிகளில் ஒரு பகுதி எங்கள் மிசூரியிலிருந்து போனவை, மறக்க வேண்டாம். 1980களில் நாங்கள் வான்கோழி கொடுத்தோம், நீங்கள் லூசியானாவில் ஆற்று நீர்நாய் வாங்கி எங்களுக்கு அனுப்பினீர்கள். இன்றைக்கு எங்கள் மீன் குட்டைக்காரர்கள் நீர்நாயைத் திட்டும்போதெல்லாம் உங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 27

தனிச்செய்தியில் கேட்டதற்குப் பொதுவிலேயே பதில், நிறையப் பேருக்கு உபயோகப்படும். ஹெச்-1பி, எஃப்-1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. ஆனால் ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு. உரிமம் முடிந்துவிட்டால் விலக்கும் முடிந்தது என்பதை நினைவில் வையுங்கள், இரவல் துப்பாக்கியை அலமாரியில் வைத்துக்கொண்டு "அடுத்த வருடம் புதுப்பிக்கலாம்" என்று இருக்காதீர்கள். பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. மிசூரியில் 1967 ஜனவரி 1-க்கோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். விசா விஷயத்தில் என் வார்த்தையை நம்பாமல் ஒரு வக்கீலிடம் கேளுங்கள், நான் வான்கோழிக்கு மட்டும்தான் பொறுப்பு.

ஏப்ரல் 29

முதல் நாள் "மாறாதீர்கள்" என்று ஒரே போடாகப் போட்டேன். இரண்டு நாளாக அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் தளர்த்துகிறேன்.

அடையாளம் இருந்தால் மாறாதீர்கள். ஆனால் உண்மையிலேயே பறவை குறைந்துபோன இடங்களும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் மாநிலம் முழுக்கவே ஒரு சில ஆயிரம் வான்கோழிகள்தான், பிடித்துப் பிடித்து வேறு இடங்களில் விட்டுப் பெருக்கி, 1960-இல்தான் வசந்த வேட்டையை மறுபடி திறந்தார்கள். அது பெரிய சாதனை. ஆனால் 2010களின் பின்பாதியில் இங்கே குஞ்சுகள் தேறியது மிக மோசம், 2021-க்கு அப்புறம்தான் பரவாயில்லை. மிசூரி மட்டும் இல்லை, தெற்கில் பல மாநிலங்களில் இதே கதை. ஜார்ஜியா 2022-இல் ஒருவர் சீசனுக்குச் சுடக்கூடிய மூன்று பறவையை இரண்டாகக் குறைத்தது, டென்னசி 2023-இல் அதையே செய்து திறப்பையும் இரண்டு வாரம் தள்ளிவைத்தது. ஆதிக்கம் செலுத்துகிற சேவலைப் பெட்டைகள் முட்டை இடுவதற்கு முன்பே சுட்டுவிட்டால் அந்த வட்டாரத்தின் இனப்பெருக்கமே பின்தங்கிப்போகும் என்பது ஒரு தரப்பு உயிரியலாளர்களின் வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது. திறப்பைத் தள்ளினால் வேட்டைக்காரர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

எனவே ராலாத் தம்பிக்குத் திருத்திய பதில்: ஒரு நாள் துப்பாக்கி இல்லாமல் நடந்து பாருங்கள். கிளறல், எச்சம், இறகு, இறக்கைக் கோடு எதுவுமே கிடைக்கவில்லையா, தாராளமாக மாறுங்கள்.

மே 1

"தோகையைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் தவழ்ந்து போனால் சத்தம் போடாத சேவல் கூட ஓடி வருமாமே, வீடியோவில் பார்த்தேன்."

வரும். உங்களைச் சுட இன்னொரு வேட்டைக்காரரும் வருவார். பொது நிலத்தில் இதைச் செய்யவே செய்யாதீர்கள், டென்னசியில் மாநில வேட்டை நிலங்களில் தடையே போட்டுவிட்டார்கள். அதே காரணத்துக்காகச் சேவல் மாதிரிக் கத்துகிற கருவியும் வேண்டாம். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் தெரியக் கூடாது, கைக்குட்டை, சாக்ஸ் உட்பட, ஏனென்றால் அந்த மூன்றும்தான் சேவலின் தலை. தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். இன்னொரு ஆள் வருவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், சத்தமாகப் பேசுங்கள். அன்றைய வேட்டை கெட்டுப்போகும், பரவாயில்லை.

மே 3

உண்ணி பற்றி யாருமே கேட்கவில்லை, அதனால் நானே.

ஓசார்க் காட்டில் மணிக்கணக்கில் தரையில் உட்காரச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளி வைத்த உண்ணி, அதைத்தான் லோன் ஸ்டார் என்கிறார்கள். அது கடித்த சிலருக்கு ஆல்ஃபா கால் என்ற ஒவ்வாமை வருகிறது. அப்புறம் மாடு, பன்றி, ஆடு எதைச் சாப்பிட்டாலும் சில மணி நேரம் கழித்துத் தடிப்பு, வயிற்றுவலி, சிலருக்கு மூச்சுத் திணறல் வரை போகும். ராத்திரி பிரியாணி சாப்பிட்டுவிட்டு நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்தால் யாருக்கும் உண்ணி நினைவுக்கு வராது, அதனாலேயே கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மனிதர் மட்டனை விட்டே வருடங்கள் ஆகின்றன. பறவை இறைச்சிக்கும் மீனுக்கும் பிரச்சினை இல்லை, அதனால் அவர் முன்பைவிடத் தீவிரமாக வான்கோழி வேட்டைக்கு வருகிறார்.

பெர்மெத்ரின் என்ற உண்ணி மருந்தைத் துணியில் அடித்துக் காயவைத்துப் போடுங்கள், தோலில் அல்ல. வீட்டில் பூனை இருந்தால் ஈரமாக இருக்கும்போது அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கால்சட்டையைச் சாக்ஸுக்குள் விடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், காட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்.

மே 4

சில்வண்டுதான் இந்த அமைதிக்குக் காரணமா என்ற கேள்விக்கு: அது வந்து போய்விட்டது. பதின்மூன்று வருடத்துக்கு ஒரு முறை மண்ணிலிருந்து வருகிற கூட்டம், 2024-இல் வந்தது, அடுத்தது 2037. வான்கோழிகளுக்கு அது விருந்து. இந்த வருட அமைதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மே 6, இரவு

ராலாத் தம்பியிடமிருந்து செய்தி வந்துவிட்டது! பதினோரு மணி, பாதை வளைவு, முகட்டுக்கு இந்தப் பக்கம், எல்லாம் சொன்னபடி. சத்தமே இல்லாமல் சேவல் வந்து நின்றபோது தம்பியின் கை மிக்சர் பொட்டலத்துக்குள் இருந்திருக்கிறது. பொட்டலம் சரசரத்தது, "பட்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பறவை போயே போய்விட்டது. இனி அந்த இடம் முடிந்ததா என்று கேட்கிறார்.

முடியவில்லை. அந்தச் சேவல் உங்களை மனிதன் என்று தெளிவாகப் பார்த்ததா, இல்லை ஏதோ சரியில்லை என்று நகர்ந்ததா? ஓடினதா, நடந்ததா? நடந்து போயிருந்தால் இரண்டு நாள் விட்டுவிட்டு அதே நேரத்துக்கு, அது வந்த வழியில் நூறு கஜம் முன்னால் போய் உட்காருங்கள். துரத்திக்கொண்டு மட்டும் போகாதீர்கள், ஓசார்க் சருகில் நம்மால் சத்தமில்லாமல் நடக்க முடியாது. பொம்மைப் பெட்டை வைத்திருந்தீர்கள் என்றால் இந்தத் தடவை அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மே மாதத்துப் பொது நிலச் சேவல் அதை ஏற்கெனவே நாலு இடத்தில் பார்த்திருக்கும்.

மிக்சர் வேண்டாம். வாழைப்பழம்.

மே 8

இன்று விடியற்காலை மரத்திலிருந்து நீளமாக, விடாமல் ஒரு சேவல். ராலாப் பக்கமும் கேட்டதாம். ஆச்சரியமில்லை. முட்டை இட்டு முடித்த பெட்டைகள் இப்போது அடையில் உட்கார்ந்துவிட்டன, 28 நாள் கூட்டை விட்டு அதிகம் எழாது, நாளுக்கு ஒரு தடவை இரை தேட வந்தால் உண்டு. சேவலுக்கு மறுபடி ஆளில்லை, மறுபடி கத்தல். பலர் இந்த நேரத்தில் சீசனை முடித்துக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விடுகிறார்கள். இலை முழுக்க விரிந்துவிட்டதால் சத்தம் உண்மையில் இருப்பதைவிடத் தூரமாகக் கேட்கும் என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள், இருநூறு கஜம் என்று நினைத்து நடந்தால் நூறிலேயே அதன் கண்ணில் படுவீர்கள்.

இன்னும் பெட்டையோடு திரிகிற சேவல் கண்ணில் பட்டால், அதைவிட்டுப் பெட்டையிடம் பேசுங்கள். அது யெல்ப் போட்டால் நீங்களும் அதையே போடுங்கள், அது முடிப்பதற்குள் குறுக்கே போடுங்கள். மாமியார் மருமகள் பாணியில் சண்டைக்கு நிற்க வேண்டும். கோபம் வந்து பெட்டை உங்களைத் தேடி வரும், சேவல் வாயைத் திறக்காமல் பின்னாலேயே வரும். எப்போதும் பலிக்காது, பலிக்கும்போது பார்க்கச் சுவாரசியமாக இருக்கும்.

மே 11, மாலை

சீசன் முடிந்தது. தம்பிக்கு நேற்றுக் கிடைத்துவிட்டது, பத்தேகாலுக்கு, வாழைப்பழத்தோடு. அது ஒரு தடவை கத்தியதாம், அதுவும் சுடுகிற தூரத்துக்கு வந்தபிறகு. சுட்ட பறவையை மாநிலத்துக்குத் தெரிவிக்கிற டெலிசெக்கில் இரவு பத்து மணிக்குள் பதிவு செய்துவிட்டேன் என்கிறார், நல்லது, அதை மறந்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

சமையல் கேட்டிருக்கிறார். நன்றி தெரிவிக்கும் நாள் கடைப் பறவையை நினைத்துக்கொண்டு அடுப்பில் வைக்காதீர்கள், இது வாழ்க்கை முழுக்க மலையேறி இறங்கின உடம்பு. மார்பை நாருக்குக் குறுக்கே மெல்லியதாக வெட்டி, மிளகு, சோம்பு, கறிவேப்பிலை போட்டுச் சட்டென்று வறுத்து எடுத்துவிடுங்கள், கூடுதலாக இரண்டு நிமிடம் இருந்தாலும் காய்ந்துவிடும். தொடையும் காலும் வேறு விஷயம். கால் சதைக்குள் குச்சி மாதிரி விறைப்பான நரம்புகள் நிறைய இருக்கும், வேகாமல் இழுத்தால் வராது, அப்படியே குக்கரில் போடுங்கள். ஆட்டுக் கறிக்கு வைக்கிற விசில் கணக்கு இங்கே செல்லாது, சிறு தீயில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுப் பாருங்கள். அப்புறம் அந்த நரம்பு தானாகக் கழன்று வரும், சதையை உதிர்த்துத் தேங்காய் அரைத்த குழம்பில் சேர்த்தால் பரோட்டாவுக்குச் சரியாக இருக்கும். மார்புக்குள் ஈயக் குண்டு ஒன்றிரண்டு தங்கியிருக்கும், சாப்பிடும்போது பல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்குப் போடும்முன் விரலால் பிசைந்து பாருங்கள்.